மணிக்கணக்கும் கைப்பழக்கமும்: தாய்-சேய் நலச் செவிலியர்களுக்கான கேள்வி-பதில்

இம்முறை நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரசவ அறையிலும் பச்சிளம் குழந்தைகள் பிரிவிலும் பணிபுரியும் செவிலியர்கள் எழுதியவை. படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த பிறகு தொடர்ந்து கற்பது எப்படி என்பதையே ஏறக்குறைய எல்லோரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் மருத்துவமனைகளின் பெயர்களையும் வெளியிடவில்லை. பதில்களில் வரும் மருந்தளவுகளைத் தங்கள் மருத்துவமனையின் எழுத்துபூர்வமான நெறிமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பின்பற்ற வேண்டும்.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் லேபர் வார்டில் பணிபுரிகிறேன். பதிவைப் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது. 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பதற்காக ஆன்லைன் வகுப்பில் சேர்ந்துவிட்டு, போனை ஓரமாக வைத்துவிட்டு வேலை பார்க்கிறவர்கள் பலர். மணிக்கணக்கு சேர்ந்துவிடுகிறது. இதனால் தாய்க்கோ குழந்தைக்கோ என்ன பயன்?
— செவிலியர், சேலம் மாவட்டம்

பதில்: தங்கள் ஆதங்கம் முற்றிலும் நியாயமானது. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி, அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 30 மணி நேரம் வேண்டும் என்று இந்திய செவிலியர் குழுமம் வகுத்த விதியின் நோக்கம் நல்லது. கல்லூரியில் படித்ததை மட்டுமே வைத்துக்கொண்டு ஓய்வுபெறும் வரை பணியாற்றுவது ஆபத்தானது என்பதை அந்த விதி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் உட்கார்ந்திருந்த நேரத்தை விதியால் அளக்க முடியுமே தவிர, நெருக்கடியில் கை என்ன செய்யும் என்பதை அளக்க முடியாது.

இதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. தான்சானியாவில் ஹேடம் என்ற ஊரில் உள்ள கிராமப்புற மருத்துவமனையில், பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்கு உதவும் முறையை 2010இல் ஒரு நாள் பயிற்சியாகக் கற்றுக்கொடுத்தார்கள். சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோது, பயிற்சிப் பொம்மையின் மீது செவிலியர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் உண்மையான பிரசவங்களின்போது அவர்கள் செய்ததில் மாற்றம் ஏதும் தென்படவில்லை. அதன் பிறகு அதே மருத்துவமனை, பிரசவ அறையிலேயே வாரந்தோறும் 3 முதல் 5 நிமிடப் பயிற்சியையும் மாதத்துக்கு ஒருமுறை 40 நிமிட மறுபயிற்சியையும் தொடங்கியது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. ஊழியர்களும் பாடமும் ஏறக்குறைய அப்படியே இருக்க, பயிற்சி நடந்த இடமும் இடைவெளியும் மாறியதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

எனவே 150 மணி நேரத்தையும் ஒரே தட்டில் வைக்காமல், எவை செவிக்கு, எவை கைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். புதிய வழிகாட்டுதல், மருந்துகளின் இயல்பு, பதிவேடு எழுதும் முறை போன்றவற்றை ஆன்லைன் வகுப்பில் கவனத்தோடு கேட்டால் போதும். மூச்சு கொடுப்பது, இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது, வலிப்புக்கு ஊசி போடுவது ஆகியவற்றுக்குப் பொம்மையும் உபகரணமும் வைத்துக் கையால் செய்ய வைக்கும் வகுப்பையே தேர்ந்தெடுங்கள். பணம் கட்டும் முன்னர், அந்த வகுப்பின் மணி நேரம் ஏற்கப்படுமா என்பதை வகுப்பு நடத்துவோரிடம் அல்லாமல் மாநிலக் குழுமத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது சிறிய நர்சிங் ஹோம். மாதத்துக்குச் சில பிரசவங்களே நடக்கும். பயிற்சிக்குப் போக விடுப்புக் கேட்டால், "நீங்கள் போய்விட்டால் டூட்டியை யார் பார்ப்பது?" என்கிறார் நிர்வாகி. வெளியே போகாமல் இங்கேயே கற்றுக்கொள்ள வழி உண்டா?
— செவிலியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உண்டு. உண்மையில் பிரசவம் குறைவாக நடக்கும் இடத்துக்குத்தான் இந்தப் பயிற்சி மிகவும் தேவை. பெரிய மருத்துவமனையின் செவிலியர் மூச்சு விடாத குழந்தையை அடிக்கடி பார்க்கிறார். தாங்கள் எப்போதோ ஒருமுறைதான் பார்ப்பீர்கள். ஆனால் அந்த ஒருமுறையும் குழந்தைக்குக் கிடைப்பது அதே ஒரு நிமிடம்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு டூட்டி மாறும்போதும், பொறுப்பேற்கும் செவிலியர், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையான ஆம்பு பேக்கை எடுத்து, மாஸ்க்கைத் தன் உள்ளங்கையில் இறுக்கமாக வைத்து ஒருமுறை அழுத்த வேண்டும். உள்ளங்கையில் அழுத்தம் தெரிய வேண்டும். அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு திறந்து காற்று சீறும் ஓசை கேட்க வேண்டும். கையை விட்டதும் பை உடனே உப்ப வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கான 1ஆம் எண் மாஸ்க்கும், குறைமாதக் குழந்தைக்கான 0 எண் மாஸ்க்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கு அரை நிமிடம் போதும். மாஸ்க் கழுவிக் காய வைத்த இடத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது என்பதைப் பிரசவ நேரத்தில் கண்டுபிடிக்கும் கொடுமை இதனால் தவிர்க்கப்படும்.

வாரத்துக்கு ஒருமுறை, பிரசவம் இல்லாத நேரத்தில், குழந்தைக்குச் சூடு தரும் மேசையான ரேடியன்ட் வார்மரின் அருகில் பயிற்சிப் பொம்மையை வைத்து ஒருவர் "குழந்தை அழவில்லை" என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாமவர் செய்யத் தொடங்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத் துணியை அகற்றி, தேவைப்பட்டால் மட்டும் வாயையும் பிறகு மூக்கையும் சுத்தம்செய்து, முதுகைத் தடவித் தூண்டிப் பார்த்து, அப்படியும் மூச்சு வராவிட்டால் தொப்புள்கொடியை வெட்டி வார்மருக்குக் கொண்டுவந்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்கும் வரை மொத்தம் 60 வினாடிகள் தாண்டக் கூடாது.

மாஸ்க் வைக்கும்போது கையைப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாக மாஸ்க்கின் மேல் அமர, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்து மேல்நோக்கித் தாங்க வேண்டும். அந்த மூன்று விரல்கள் எலும்பை விட்டுக் கீழே உள்ள மென்மையான தசையில் அழுந்தினால் நாக்கு பின்னே தள்ளப்பட்டுக் காற்றுவழி அடைபடும். பதற்றத்தில் பலர் மாஸ்க்கைக் கீழ்நோக்கி அழுத்துகிறார்கள். குழந்தையின் தலை குனிந்து, மார்பு எழும்பாமல் நின்றுவிடுகிறது. வேகமும் ஒரு சிக்கல். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறைதான் கொடுக்க வேண்டும். "அழுத்து, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணினால் வேகம் தானாகவே கட்டுப்படும். மார்பு எழும்பாவிட்டால் அழுத்தத்தைக் கூட்டுவது கடைசி வழி. முதலில் தலையின் நிலை, மாஸ்க்கின் பொருத்தம், வாயில் உள்ள திரவம், வாய் சற்றுத் திறந்திருக்கிறதா என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் முதல் வேலையாக சக்‌ஷன் குழாயைத் தேடும் பழக்கம் நம் பிரசவ அறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நன்றாக அழும் குழந்தைக்கு அது தேவையே இல்லை; அழாத குழந்தைக்கோ, மூச்சு கொடுக்க வேண்டிய பொன்னான நேரத்தை அது தின்றுவிடுகிறது.

ஆயாம்மாவையும் இந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு போன் செய்வது யார், துணியை எடுத்துத் தருவது யார், தாயின் அருகில் இருப்பது யார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருந்தால் நெருக்கடியில் கூச்சல் குறையும். பொம்மை இல்லையென்றால் அருகிலுள்ள செவிலியர் கல்லூரியிலோ அரசு மருத்துவமனையின் திறன் பயிற்சிக் கூடத்திலோ கேட்டுப் பாருங்கள். நிர்வாகியிடம், விடுப்புக்குப் பதிலாக வாரத்துக்கு 10 நிமிடமும் ஒரு பொம்மையும் கேளுங்கள். அந்தக் கோரிக்கையை மறுப்பதற்கு அவருக்குக் காரணம் இருக்காது.

கேள்வி: பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கைப் பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் பேசுகிறார்கள். 500 மி.லி.க்கு மேல் போனால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது 500 மி.லி. என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவது எல்லாம் கண்ணளவுதான்.
— செவிலியர், அரசு மருத்துவமனை, கடலூர் மாவட்டம்

பதில்: இப்படி வெளிப்படையாகக் கேட்டதற்குத் தங்களைப் பாராட்ட வேண்டும். கண்ணளவு தவறும், அதுவும் குறைவான பக்கமே தவறும். கர்நாடகத்தின் பெல்காமில் நடந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், அளவுக் குறியிட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேர்ந்த இரத்தத்தோடு ஒப்பிட்டபோது, கண்ணால் மதிப்பிட்டது மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. தாயின் இடுப்பின் கீழ் விரித்து, கீழ்நுனியில் புனல் போன்ற பையில் இரத்தம் சேரும்படி அமைந்த எளிய விரிப்பு அது.

2023இல் வெளியான பெரிய ஆய்வில், கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் மருத்துவமனைகளில் இதே வகை விரிப்பையும், இரத்தப்போக்கு கண்டறியப்பட்ட உடனே எல்லா முதல்கட்டச் சிகிச்சைகளையும் ஒன்றாகத் தொடங்கும் முறையையும் சேர்த்துச் சோதித்தார்கள். கடுமையான இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை, அதனால் நேரும் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, 4.3 சதவீதமாக இருந்தது 1.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. பழைய முறையில் ஏறக்குறைய பாதி இரத்தப்போக்கு கண்டறியப்படாமலே போக, புதிய முறையில் 93 சதவீதம் கண்டறியப்பட்டது. அங்கும் பயிற்சி, பணியிடத்திலேயே, பொம்மையை வைத்து, சக செவிலியர்களே நடத்தும்படி அமைந்திருந்தது.

தங்கள் வார்டில் அத்தகைய விரிப்பு இல்லையென்றால் எடை பார்க்கும் தராசைப் பயன்படுத்துங்கள். இரத்தத்தில் 1 கிராம் என்பது ஏறக்குறைய 1 மி.லி. எனக் கொள்ளலாம். உலர்ந்த பேடின் எடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, நனைந்த பேடின் எடையிலிருந்து கழிக்க வேண்டும். 40 கிராம் எடையுள்ள பேட் நனைந்த பின் 190 கிராம் இருந்தால் அதில் 150 மி.லி. இரத்தம் இருக்கிறது. பனிக்குட நீர் கலந்துவிடாமல் இருக்க, குழந்தை பிறந்த பின்னரே புதிய விரிப்பை வைக்க வேண்டும்.

அளவு 300 மி.லி.யைத் தொட்டு, நாடித்துடிப்பு உயர்ந்தோ இரத்த அழுத்தம் இறங்கியோ இருந்தால் 500 வரை காத்திருக்கக் கூடாது. கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்வது, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் சிரை வழியாக 10 நிமிடத்தில், டிரிப், கிழிசல் உள்ளதா என்று பரிசோதிப்பது, கூடவே உதவிக்கு அழைப்பது ஆகிய இவை ஒன்றன்பின் ஒன்றாகப் பலன் பார்த்துச் செய்பவை அல்ல. ஒரே மூச்சில் செய்பவை. டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்; தாமதிக்கத் தாமதிக்கப் பலன் தேயும். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து என்பதையும், அதை நாள் முழுதும் டிரேயில் வைத்திருக்கும் வழக்கத்தை விட வேண்டும் என்பதையும் அடுத்த பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மருமகளுக்கு அண்மையில் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கப்படி சேனை வைக்கப் போனேன். பணியில் இருந்த இளம் செவிலியர் எல்லோர் முன்னிலையிலும் அதட்டி, கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டார். வைக்கக் கூடாது என்றால் வேண்டாம், காரணத்தைச் சொல்லியிருக்கலாமே? இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லையா?
— குடும்பத் தலைவி, தேனி மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்க வேண்டும். மஞ்சளாகவும் கெட்டியாகவும் கொஞ்சமாகவும் வரும் அந்தப் பாலில்தான் நோயெதிர்ப்புச் சக்தி செறிந்திருக்கிறது. சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ கொடுத்தால் குழந்தையின் பசி அடங்கி, மார்பைச் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் தாய்க்குப் பால் சுரப்பதும் தாமதமாகும். கிருமித் தொற்றும் நேரலாம். ஆகவே அந்தச் செவிலியர் தடுத்தது சரியே.

ஆனால் தடுத்த விதம் சரியில்லை. தங்களுக்கு அதற்காக வருத்தம் ஏற்பட்டது இயல்பு. விளக்கிச் சொல்வதும் ஒரு செவிலியத் திறன்தான். அதையும் பயிற்சியில் செய்து பார்க்க வேண்டும். ஒரு செவிலியர் பாட்டியாக நடிக்க, மற்றொருவர் அவரிடம் பேசிப் பார்க்கும் பயிற்சியை நான் நடத்தும் வகுப்புகளில் தவறாமல் வைக்கிறேன். "பாட்டி, குழந்தைக்கு முதல் சேனை அம்மாவின் சீம்பால்தான், குழந்தையை மார்பில் வைப்பதற்கு நீங்கள் உதவுங்கள்" என்று சொல்லத் தெரிந்த செவிலியரை எந்தப் பாட்டியும் எதிர்ப்பதில்லை. மத்திய அரசு 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்‌ஷ்யா' என்னும் பிரசவ அறைத் தர மேம்பாட்டுத் திட்டமும் கண்ணியமான பராமரிப்பைத் தரத்தின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது. செவிலியர்கள் இந்தக் கடிதத்தைத் தங்கள் வார்டில் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். பயிற்சியில், எடை குறைந்த குழந்தையைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைக்கலாம் என்றார்கள். வார்டுக்கு வந்து சொன்னால், "முதலில் வார்மரில் வைத்து நிலைப்படுத்திய பிறகுதான் கங்காரு பராமரிப்பு" என்கிறார் மூத்த சிஸ்டர். யார் சொல்வது சரி?
— செவிலியர், மதுரை

பதில்: மூத்தவர் கற்றபோது அதுவே விதியாக இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் இந்த முறை தொடங்கியது. அதன் பின் நெடுங்காலம், குழந்தை நிலைபெற்ற பிறகே தொடங்க வேண்டும் என்பதே வழிகாட்டுதலாக இருந்தது. பிறகு டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் கீழ் வரை எடையுள்ள குழந்தைகளிடம், பிறந்த உடனேயே தொடங்குவதைச் சோதித்தார்கள். 28 நாட்களுக்குள் நேரும் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, இயன்ற அளவு பிறந்தவுடனேயே தொடங்கும்படி பரிந்துரைத்தது. தானாக மூச்சுவிட இயலாத குழந்தை, அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தை, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் குழந்தை ஆகியோருக்கு மட்டும் இது பொருந்தாது.

ஆனால் தாங்கள் தனியாக நின்று வார்டின் வழக்கத்தை மாற்ற முடியாது, முயல்வதும் நல்லதல்ல. குழந்தை மருத்துவத் துறைத் தலைவரிடம் அந்தப் பரிந்துரையின் அச்சுப்படியைக் கொடுத்து, மூத்த சிஸ்டரையும் அழைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த ஆய்வு நடந்த மருத்துவமனைகளில், தாயும் குழந்தையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே ஒன்றாக இருக்கக் கட்டில் போட்டிருந்தார்கள். தங்கள் பிரிவில் தாய்க்கு உட்கார நாற்காலிகூட இல்லையென்றால் வகுப்பில் கற்றது வகுப்போடு நின்றுவிடும். பயிற்சிக்கு அனுப்பும் நிர்வாகம், பயிற்சி பெற்றவர் திரும்பி வந்து என்ன கேட்கிறார் என்பதற்கும் காதுகொடுக்க வேண்டும்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டூட்டியில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் இருப்பேன். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் போட வேண்டும் என்று படித்திருக்கிறேன். இதுவரை ஒருமுறைகூடப் போட்டதில்லை. தனியாக இருப்பவள் யாரோடு பயிற்சி செய்வது?
— செவிலியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தனியாக இருப்பவருக்கு ஒத்திகை இன்னும் அவசியம். மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன் தர வேண்டிய முதல் தவணை 10 கிராம். ஒவ்வொரு பக்கப் பிட்டத்திலும் 5 கிராம் வீதம் தசையின் ஆழத்தில் போட வேண்டும். நம்மிடம் வழக்கமாக வரும் 50 சதவீத ஆம்ப்யூல் 2 மி.லி. கொண்டது, அதில் 1 கிராம் இருக்கிறது. ஆகவே 10 ஆம்ப்யூல்களை உடைத்து, இரண்டு 10 மி.லி. சிரிஞ்சுகளில் நிரப்ப வேண்டும். வலிப்பு வந்த பெண் முன்னே கிடக்கும்போது 10 ஆம்ப்யூல் உடைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் காலாவதியான ஆம்ப்யூல்களை வைத்து ஒருமுறை கடிகாரத்தோடு செய்து பாருங்கள். அதற்குப் பின் தாங்களே ஒரு சிறு டப்பாவில் 10 ஆம்ப்யூல், இரண்டு சிரிஞ்சு, நீளமான 22 கேஜ் ஊசி, பஞ்சு, மெக்னீசியம் அளவு மீறினால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட், கொட்டை எழுத்தில் அளவு எழுதிய அட்டை ஆகியவற்றைத் தயாராக வைத்துவிடுவீர்கள். ஒத்திகைக்குப் பயன்படுத்திய ஆம்ப்யூல்களை இந்த டப்பாவுக்கு அருகில்கூட வைக்கக் கூடாது.

ஒத்திகையின்போது செய்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கிறேன், காற்றுவழியைப் பார்க்கிறேன், 108ஐ அழைக்கிறேன், ஊசி போடுகிறேன், நேரத்தை எழுதுகிறேன். ஆம்புலன்ஸ் வரும் வரை மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் உதறுவது) இருக்கிறதா, சிறுநீர் வெளியேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவுக் காவலரோ துப்புரவுப் பணியாளரோ இருந்தால் போன் செய்யும் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். மாதாந்திரக் கூட்டத்துக்கு வட்டாரத்தின் செவிலியர்கள் எல்லோரும் வருவார்கள் அல்லவா? கூட்டம் தொடங்கும் முன் 15 நிமிடம் ஒதுக்கித் தரும்படி வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தங்கள் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.